மதியம் இரண்டு மணிக்கு மூன்று வாய்கள்

மே மாதம், மதியம் இரண்டு மணி. கரண்ட் போய் அரை மணி நேரமாகியிருந்தது. கூடத்தில் ஒரு சத்தம் நின்று, இன்னொரு சத்தம் ஏறியிருந்தது. நின்றது மீன் தொட்டியின் ஏர் பம்ப் ஓயாமல் போடும் முனகல். ஏறியது பயில்வானின் இரைப்பு.

பயில்வான் எங்கள் வீட்டு இங்கிலீஷ் புல்டாக். மார்பு அகலம், கால் குட்டை, மூக்கு பெயரளவுக்கு. மொசைக் தரையில் நான்கு காலையும் பரப்பி, தவளைபோல வயிற்றை ஒட்டிக்கொண்டு கிடந்தான். நாக்கு தரையைத் தொட்டது. அவனுக்கு நேர் மேலே, கொளத்தூரிலிருந்து வாங்கிவந்த நான்கு ஒராண்டா தங்கமீன்களும் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. பக்கத்து அலமாரியில் தனிக் கண்ணாடித் தொட்டியில் இருக்கும் ஃபைட்டர் மீன், சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்து ஒரு வாய் பிடித்துவிட்டுக் கீழே போய்த் தன் நிழலோடு சண்டையைத் தொடர்ந்தது.

என் மகள் மூன்றையும் மாறி மாறிப் பார்த்தாள். “ஏம்ப்பா, மூணு பேரும் ஒரே மாதிரி வாயத் தொறந்துட்டிருக்காங்களே, மூணு பேருக்கும் மூச்சு முட்டுதா?”

“ஆமாம்மா” என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் அது தவறு என்று உறைத்தது. மூன்று வாய்களும் திறந்தது மூன்று வெவ்வேறு காரணங்களுக்காக.

முதல் வாய்: வெப்பத்தைத் துப்புவது

அந்தக் கூடத்தில் பயில்வானுக்கு ஆக்சிஜன் பற்றாக்குறை கிடையாது. நான் சுவாசித்த அதே காற்றுதான் அவனுக்கும். அவன் வாயைத் திறந்தது காற்றை உள்ளே வாங்க அல்ல, சூட்டை வெளியே அனுப்ப.

நமக்கு உடல் முழுவதும் வியர்க்கிறது. வியர்வை ஆவியாகும்போது தோலின் வெப்பத்தையும் கொண்டுபோகிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இப்படித்தான். ஒரு கிராம் ஐஸ் தண்ணீரைக் கொதிநிலை வரை கொண்டுபோக 100 கலோரி வெப்பம் போதும். அதே ஒரு கிராம் நீர் நம் தோலிலிருந்து ஆவியாகப் போக ஏறத்தாழ 580 கலோரி தேவை. இவ்வளவு வெப்பத்தையும் அது உடலிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. ஆகவே ஆவியாதலைப் போல மலிவான குளிர்சாதனம் வேறில்லை.

நாய்க்கு இந்த வசதி பாதத்தில் மட்டும்தான். கால்நடை மருத்துவரின் ஸ்டீல் மேசையில் நாயை ஏற்றினால் ஈரப் பாதத் தடங்கள் விழும், பார்த்திருப்பீர்கள். அதுதான் நாயின் வியர்வை. அந்த நான்கு சின்ன மெத்தைகள் 24 கிலோ உடலைக் குளிர்விக்கப் போதாது. அதனால் நாய் தன் ‘தோலை’ உள்ளே வைத்திருக்கிறது. மூக்கின் உட்சுவர், வாய், நாக்கு ஆகியவைதான் அதன் ஈரப் பரப்பு. அவற்றின் மேல் காற்றை வேகமாக ஓட்டினால் ஈரம் ஆவியாகும், உள்ளே ஓடும் ரத்தம் குளிரும். இதுதான் இரைப்பு.

மின்விசிறியின் கீழே கிடக்கும் நாய்க்கு நமக்குக் கிடைக்கும் சுகம் கிடைக்காததற்கும் இதுவே காரணம். விசிறி நம்மைக் குளிர்விப்பது நம் வியர்வையை ஆவியாக்கித்தான். உலர்ந்த ரோமத்தின் மேல் காற்றை வீசி ஆவியாக்க என்ன இருக்கிறது? நாயை நனைத்துவிட்டு விசிறியைப் போட்டால்தான் அதற்கு முழுப் பலன்.

ஆனால் ஒரு சிக்கல். வேகவேகமாக மூச்சுவிட்டால் தசைகள் உழைக்கும், உழைத்தால் சூடேறும். விசிறுகிற கையே வியர்த்துக்கொட்டினால் விசிறி என்ன லாபம்? இதை நாய் எப்படிச் சமாளிக்கிறது என்பதை 1962இல் யூஜீன் கிராஃபோர்ட் என்ற ஆய்வாளர் அளந்து பார்த்தார். நிமிடத்துக்கு இருபது, முப்பது தடவை மூச்சுவிடும் நாய், இரைக்கத் தொடங்கியதும் ஒரே தாவலில் 300ஐத் தாண்டிவிடுகிறது. நடுவில் 100, 150 என்று நிற்பதில்லை. அந்த 300 சொச்சம் என்பது நாயின் மார்புக்கூடும் நுரையீரலும் ஸ்பிரிங் போலத் தாமாக ஆடும் இயல்பான வேகம். ஊஞ்சலை அது வரும் தாளத்துக்குத் தள்ளினால் விரல் நுனி போதும். தாளம் தப்பித் தள்ளினால் தோள் வலிக்கும். நாய் தன் மூச்சை ஊஞ்சலின் தாளத்தில் தள்ளுகிறது. இயற்பியலில் இதற்குப் பெயர் ஒத்ததிர்வு.

இன்னொரு நுட்பம் 1970இல் தெரியவந்தது. விலங்குகளின் உடலியங்கியலில் பெரும் பெயர் பெற்ற க்னூட் ஷ்மிட்-நீல்சனும் அவருடைய சகாக்களும் இரைக்கும் நாயின் காற்று எந்த வழியாகப் போய் எந்த வழியாக வருகிறது என்று அளந்தார்கள். உள்ளே இழுப்பது பெரும்பாலும் மூக்கு வழியாக, வெளியே விடுவதில் பெரும்பங்கு வாய் வழியாக. மூக்குக்குள் போகும் காற்று அங்கே ஈரத்தையும் சூட்டையும் அள்ளிக்கொள்கிறது. வந்த வழியே திரும்பினால், அள்ளியதில் ஒரு பகுதியைக் குளிர்ந்த மூக்குச் சுவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகும். வாய் வழியே போனால் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய்விடும். ஒருவழிப் பாதைதான் சிக்கனம்.

ஆக, தொங்கும் நாக்குதான் நம் கண்ணில் படுகிறது. பாதி வேலையைச் செய்வதோ கண்ணில் படாத மூக்கு.

குட்டை மூக்கின் கணக்கு

இப்போது பயில்வானின் முகத்தைப் பாருங்கள். அந்த மூக்கு எங்கே?

புல்டாக், பக், பிரெஞ்சு புல்டாக் போன்றவற்றைக் குறுமுக நாய்கள் என்போம். தலைமுறை தலைமுறையாகத் தட்டை முகத்தைத் தேர்ந்தெடுத்து வளர்த்ததில் முகத்து எலும்பு சுருங்கியது. உள்ளே இருக்கும் சதை அதே அளவுக்குச் சுருங்கவில்லை. மூன்று அறை வீட்டின் சாமான்களை அப்படியே ஒற்றை அறைக்குக் குடிமாற்றினால் நடக்க இடம் இருக்குமா? மூக்குத்துளை கீறலாக ஒடுங்கிவிடுகிறது. மூக்குக்குள் இருக்கும் சுருளெலும்புகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்கின்றன. அண்ணத்தின் பின்புறச் சதை நீண்டு குரல்வளைமேல் தொங்குகிறது.

குழாய் ஒடுங்குவதை நாம் லேசாக நினைக்கிறோம். இளநீர் குடிக்கும் ஸ்ட்ராவின் உட்புற அகலம் பாதியானால் உறிஞ்சும் சிரமம் இரண்டு மடங்காகும் என்றுதான் தோன்றும். நீரோட்டம் சீராக இருக்கும்போதே அது 16 மடங்கு. காற்றுக்கும் இதே விதிதான். ஊஞ்சலை விரல் நுனியால் தள்ள வேண்டிய நாய், சேற்றில் புதைந்த வண்டியைத் தள்ளுகிறது. குளிர்விக்க எடுத்த முயற்சியே சூட்டைக் கூட்டுகிறது. சூட்டில் தொண்டைச் சதை வீங்குகிறது, வீங்கியதால் வழி இன்னும் ஒடுங்குகிறது.

இதெல்லாம் ஊகம் அல்ல. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவர்கள் இந்த மூன்று இன நாய்களையும் ஒளி ஊடுருவும் பெட்டி ஒன்றுக்குள் நிற்கவைத்தார்கள். மயக்க மருந்து இல்லை, முகமூடி இல்லை. ஒவ்வொரு மூச்சுக்கும் பெட்டிக்குள் ஏற்படும் நுண்ணிய அழுத்த மாற்றத்தைக் கருவி வரைந்தது. பார்வைக்குத் திடமாக இருந்த நாய்களின் வரைபடத்திலும் அடைப்பு தெரிந்தது. ஒடுங்கிய மூக்குத்துளை முக்கியமான அபாய அறிகுறி என்பதும் தெரிந்தது. பிரிட்டனில் ஒன்பது லட்சத்துக்கும் அதிகமான நாய்களின் 2016ஆம் ஆண்டு மருத்துவப் பதிவுகளை அலசிய இன்னோர் ஆய்வு, லாப்ரடாரோடு ஒப்பிட்டால் புல்டாக்கிற்கு வெப்பத் தாக்கு வரும் வாய்ப்பு ஏறத்தாழ 14 மடங்கு என்று கண்டது.

எனக்கு உறைத்தது வேறொரு எண். 2012இல் வெளியான ஆய்வு ஒன்றில், மூச்சுப்பாதை அடைப்பு உள்ள நாய்களின் உரிமையாளர்களில் 58 சதவீதம் பேர் “என் நாய்க்கு மூச்சுப் பிரச்சினை எதுவும் இல்லை” என்றார்கள். குறட்டை, கரகரப்பு எல்லாம் ‘இந்த ஜாதிக்கு அப்படித்தான்’ என்று அவர்கள் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். பயில்வானின் குறட்டையை செல்போனில் பதிந்து சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பியிருக்கிறேன். புல்டாக்குகள் தூங்கும்போது ரத்தத்தில் ஆக்சிஜன் குறைவதை அமெரிக்க ஆய்வாளர்கள் 1987லேயே பதிவுசெய்து, மனிதர்களின் தூக்க மூச்சுத்தடையைப் புரிந்துகொள்ள இந்த நாய் இயற்கையான முன்மாதிரி என்று எழுதியிருக்கிறார்கள். நான் அனுப்பியது வேடிக்கை ஒலி அல்ல, ஒரு நோயின் ஒலி.

இரண்டாம் வாய்: மேலாடை உறிஞ்சுவது

இனி தங்கமீன். இதற்கு உண்மையிலேயே மூச்சு முட்டியது.

ஒரு லிட்டர் காற்றில் ஏறத்தாழ 275 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கிறது. 20 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நன்னீர் தாங்கக்கூடியதோ 9 மில்லிகிராம் அளவுதான். முப்பதில் ஒரு பங்கு. தண்ணீர் சூடானால் இதுவும் குறையும். திறந்துவைத்த சோடா வெயிலில் சப்பென்று ஆவதுபோல, சூடேறும் நீர் தன்னில் கரைந்த வாயுவை விட்டுவிடுகிறது. 30 டிகிரியில் 7.5 மில்லிகிராம்தான் மிஞ்சும்.

மீனுக்கு அடி இரண்டு பக்கமும் விழுகிறது. அதன் உடல் சூடு நீரின் சூடுதான். நீர் 10 டிகிரி ஏறினால் உடலின் ஆக்சிஜன் தேவை ஏறத்தாழ இரட்டிப்பாகும். சம்பளம் குறைந்த மாதத்தில் செலவு இரட்டிப்பானதுபோல. போதாததற்கு அதே தொட்டியில் வேறு பங்காளிகளும் உண்டு. மீன் கழிவின் அமோனியாவைச் சிதைத்துத் தண்ணீரைச் சுத்தமாக்கும் பாக்டீரியாக்கள் ஃபில்டர் பஞ்சில் குடியிருக்கின்றன. அவையும் ஆக்சிஜனில்தான் வாழ்கின்றன.

இவ்வளவு வறிய ஊடகத்தில் மீன் எப்படித்தான் பிழைக்கிறது? செவுளின் அமைப்பில் இருக்கிறது பதில். நிறைகுடத்தோடு ஒரு வரிசை ஆட்களும் வெறுங்குடத்தோடு ஒரு வரிசை ஆட்களும் பக்கத்தில் பக்கத்தில் ஒரே திசையில் நடக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதிகம் இருக்கும் குடத்திலிருந்து குறைவாக இருக்கும் குடத்துக்கு மட்டும் தண்ணீர் ஒழுகலாம். இரண்டும் பாதிப்பாதி ஆனதும் ஒழுகல் நின்றுவிடும். பாதிக்கு மேல் கிடைக்காது. இப்போது இரண்டு வரிசைகளையும் எதிரெதிராக நடக்கவிடுங்கள். முக்கால்வாசி நிரம்பிய குடம், இப்போதுதான் புறப்பட்ட நிறைகுடத்தைச் சந்திக்கும், இன்னும் கொஞ்சம் பெறும். அந்தக் கோடியில், ஏறக்குறையக் காலியான குடம் முழுக்கக் காலியான குடத்தைச் சந்திக்கும், மிச்சத்தையும் கொடுக்கும். வழி முழுக்க ஒழுகல் நிற்காது. செவுளில் நீர் ஒரு திசையிலும் ரத்தம் எதிர்த் திசையிலும் ஓடுகின்றன. இதை எதிரோட்டப் பரிமாற்றம் என்கிறோம்.

இது அழகான கதையா, உண்மையா என்று எப்படித் தெரியும்? திருப்பிவிட்டுப் பார்த்தார்கள். டென்ச் என்ற ஐரோப்பிய நன்னீர் மீனின் செவுள்வழியே நீரை வழக்கமான திசைக்கு எதிராக ஓடவிட்ட சோதனை 1952இல் வெளியானது. வழக்கமான ஓட்டத்தில் நீரிலிருந்த ஆக்சிஜனில் 51 சதவீதத்தை எடுத்த மீன், திசை மாறியதும் 9 சதவீதம்தான் எடுத்தது. செவுள் அதேதான், மீன் அதேதான், நீர் அதேதான். மாறியது திசை மட்டும்.

இந்தத் திறமைக்கும் எல்லை உண்டு. நீரில் ஆக்சிஜன் இருந்தால்தானே எடுக்க? காற்றோடு ஒப்பிட்டால் நீருக்குள் ஆக்சிஜன் ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு மெதுவாகத்தான் பரவும். அசையாத தொட்டியில், காற்றைத் தொடும் மேல் படலத்தில் மட்டும் ஆக்சிஜன் நிறைந்திருக்கும். சில மில்லிமீட்டர் கீழே போனால் வறட்சி. பாலின் மேலாடை மாதிரி. தங்கமீன்கள் நீர்மட்டத்தில் வாயை வைத்து உறிஞ்சியது அந்த மேலாடையைத்தான். பார்க்கக் காற்றைக் குடிப்பதுபோல இருந்தாலும் அவை குடிப்பது மேல்நீரை. அறிவியலில் இதற்கு மேற்பரப்புச் சுவாசம் என்று பெயர்.

இதிலிருந்து இன்னொன்றும் புரியும். ஏர் ஸ்டோனிலிருந்து எழும் குமிழிகள்தாம் தண்ணீருக்கு ஆக்சிஜன் ஊட்டுகின்றன என்று பலரும் நம்புகிறார்கள். குமிழி நீருக்குள் இருப்பது ஓரிரு நொடி. அதற்குள் அது கரைப்பது கொஞ்சம்தான். அதன் பெரிய வேலை, அடித் தண்ணீரை மேலே இழுத்துவந்து காற்றுக்குக் காட்டுவது. காபியை டபராவுக்கும் டம்ளருக்கும் மாற்றி மாற்றி ஆற்றுகிறோமே, அதே வேலைதான். அங்கே வெளியேறுவது சூடு, இங்கே உள்ளே வருவது ஆக்சிஜன். இரண்டுக்கும் தேவை புதிய மேற்பரப்பு. உருண்டைக் கண்ணாடிக் குடுவையைக் கழுத்துவரை நிரப்புவதைவிட, அகலமான வயிற்றுப்பகுதி வரை நிரப்புவது மேல் என்பதற்கும் காரணம் இதுதான். தண்ணீர் குறைந்தாலும் காற்றைத் தொடும் பரப்பு கூடும்.

மூன்றாம் வாய்: காற்றையே குடிப்பது

ஃபைட்டருக்கு இந்தக் கவலை எதுவும் இல்லை. அது மேலே வந்தது நிஜமாகவே காற்றைக் குடிக்க. கரண்ட் இருந்தாலும் வரும், போனாலும் வரும். அதன் செவுளுக்கு மேலே, தலைக்குள் ஓர் அறை. அந்த அறைக்குள் மடிப்பு மடிப்பாக வளர்ந்த மெல்லிய எலும்புத் தகடுகள், அவற்றின்மேல் ரத்தக் குழாய்கள் நெருங்கிய தோல். வளைந்து வளைந்து போகும் இந்த அமைப்பை லேபிரிந்த் உறுப்பு என்பார்கள், புதிர்வழி உறுப்பு என்று நாம் சொல்லலாம். தென்கிழக்கு ஆசியாவின் சூடான, தேங்கிய வயல்நீரில் வாழ்ந்த மூதாதையர் விட்டுச்சென்ற சொத்து அது.

நம் ஊர்க் குளங்களிலும் இதே குடும்ப வழியில் ஒரு பிரபலம் உண்டு: பனையேறிக் கெண்டை. தரங்கம்பாடியில் இருந்த டால்டார்ஃப் என்ற டேனிஷ் அதிகாரி, நீர்க்கரையில் நின்ற பனைமரத்தில் ஐந்தடி உயரத்தில் இந்த மீனைப் பிடித்ததாக எழுதிய குறிப்பு 1797இல் லண்டன் லின்னேயன் சங்கத்தின் வெளியீட்டில் வந்தது. மீன் தானே ஏறியதா, ஏதாவது பறவை கொத்திக்கொண்டு போய் வைத்ததா என்று பிற்பாடு வாதம் நடந்தது. அது தரையில் நகர்ந்து குளம் மாறுவதிலும் காற்றைச் சுவாசிப்பதிலும் மட்டும் வாதமே இல்லை. மேலே வரவிடாமல் வலைகட்டித் தடுத்தால் தண்ணீருக்குள்ளேயே மூழ்கிச் சாகக்கூடிய மீன் அது.

ஒரு எச்சரிக்கை. காற்றைக் குடிக்கிறதே என்று ஃபைட்டரை ஊறுகாய் பாட்டிலில் அடைத்து வைக்கிறார்கள். மூச்சுக்கு வழி இருக்கலாம், கழிவுக்கு வழி இல்லை. அமோனியா ஏறும் நீரில் எந்த உறுப்பும் அதைக் காப்பாற்றாது.

கரண்ட் என்னும் உறுப்பு

மகளின் கேள்விக்கு இப்போது சரியான பதில் சொல்லலாம். ஒரு வாய் சூட்டை விடுகிறது, ஒரு வாய் மேல்நீரை உறிஞ்சுகிறது, ஒரு வாய் காற்றைக் குடிக்கிறது. மூன்றில் நிம்மதியாக இருந்தது எது என்று கேட்டால், ஃபைட்டர் ஒன்றுதான். அதன் வால் நீளமும் நிறமும் நாம் வளர்த்தெடுத்தவை என்றாலும், மூச்சு உறுப்பில் நாம் கைவைக்கவில்லை.

மற்ற இரண்டின் உடல்மேலும் நம் கைரேகை இருக்கிறது. இங்கிலாந்தில் காளையோடு நாயை மோதவிடும் பந்தயம் 1835இல் சட்டப்படி நின்றது. அதன்பின் வேலையிழந்த புல்டாக் கண்காட்சி மேடைக்கு வந்தது. பழைய மண்டையோடுகளில் நீண்டிருந்த மூஞ்சி, பரிசுக்கான ரசனையில் தலைமுறைக்குத் தலைமுறை தட்டையானது. எஸ்எம்ஓசி2 என்ற மரபணுவில் நுழைந்த ஒரு துண்டு டிஎன்ஏவுக்கு இந்தத் தட்டை முகத்தில் பங்கிருப்பதாக 2017இல் கண்டுபிடித்தார்கள். தங்கமீனை ஆயிரம் ஆண்டுகளாகச் சீனர்கள் செதுக்கினார்கள். அதன் இரட்டை வாலுக்குக் காரணம் கார்டின் என்ற மரபணுவின் மாற்றம் என்று 2014இல் தெரிந்தது. எங்காவது தற்செயலாக நேர்ந்த மாற்றத்தைப் பார்த்து ‘அழகு’ என்று சொன்னவர்கள் நாம். பிறகு இவற்றைச் சென்னை மே மாதத்தில் கொண்டுவந்து வைத்தவர்களும் நாம்தான்.

வைத்ததற்கு ஈடாகச் சில கருவிகளைக் கொடுத்திருக்கிறோம். பயில்வானுக்கு இல்லாத மூக்கின் மிச்சம், எங்கள் படுக்கையறை ஏசி. தங்கமீனுக்கு இல்லாத அலையும் ஓடையும், அந்த ஏர் பம்ப். கரண்ட் போனால் எனக்குப் போவது வசதி. அவற்றுக்குப் போவது உடம்பின் ஒரு பாகம்.

அன்று மதியம் ஈரத்துண்டால் பயில்வானின் வயிற்றையும் தொடையிடுக்கையும் நனைத்து, பழைய பனையோலை விசிறியால் வீசினேன். சென்னைக் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருக்கும், ஆவியாதல் மெதுவாகத்தான் நடக்கும், அதனால் துண்டை அடிக்கடி நனைக்க வேண்டியிருந்தது. கால் மணி நேரத்தில் இரைப்பு தணிந்தது. தணியாமல், ஈறு கருஞ்சிவப்பாகி, கால் தள்ளாடியிருந்தால் குளிர்ந்த தண்ணீரை ஊற்றிவிட்டு மருத்துவரிடம் ஓடியிருக்க வேண்டும். முதலில் குளிர்விக்க வேண்டும், பிறகுதான் வண்டி.

மகள் சமையலறைக்குப் போய் எவர்சில்வர் டம்ளரோடு வந்தாள். ஸ்டூலில் ஏறி, தொட்டித் தண்ணீரை மொண்டு, ஒரு முழ உயரத்திலிருந்து திரும்பத் தொட்டிக்குள்ளேயே ஊற்றினாள். மறுபடி மொண்டாள், ஊற்றினாள். காபி ஆற்றுவதுபோல. இருபதோ முப்பதோ தடவை ஆன பிறகு ஒரு தங்கமீன் மேல்மட்டத்தை விட்டு மெல்லக் கீழிறங்கியது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று.

“எவ்வளவு நேரம்ப்பா ஊத்தணும்?” என்றாள்.

“கரண்ட் வர்ற வரைக்கும்” என்றேன்.